பச்சை மூட்டை வராத வெள்ளிக்கிழமை

இருபத்தாறு ஆண்டுகளாக இஸ்திரிப் பெட்டியை வாளாக ஏந்தி, இந்த ஊரின் சுருக்கங்கள் அனைத்தையும் வென்று, என் முகத்துச் சுருக்கங்களிடம் மட்டும் தோற்றுப் பின்வாங்கிய அவைத் தலைவியே, எங்கள் இஸ்திரி அக்கா அவர்களே. கொதிகலன் பக்கத்தில் நின்று வெந்தும், வேகாத வாயோடு என்னைக் கேலி செய்யும் பெரியோர்களே. பெற்றெடுத்த தாய்மார்களே, பெறப்போகும் தாய்மார்களே, பெறுவதே இல்லை என்று முடிவெடுத்து நிம்மதியாக உறங்கும் பெண்மணிகளே. மனைவியின் பிரசவத்தன்று மருத்துவமனை வாசலில் நகத்தைக் கடித்து, நகம் தீர்ந்ததும் விரலைக் கடித்த வீரத் தந்தையர்களே. முன்வரிசையில், இந்தச் சலவைக்கூடத்திலேயே சாய்மானம் உடையாத ஒரே நாற்காலியில் அமர்ந்து, மடியில் தோல்பை வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தனியார் மருத்துவமனையின் மதிப்புமிகு மேலாளர் அவர்களே. அனைவருக்கும் உங்கள் மூட்டை மாமாவின் முழு உடல் வளைந்த வணக்கம். முழுதாக வளையவில்லை என்றால் மன்னியுங்கள். நடுவே வயிறு நிற்கிறது.

சோப்புத்தூள் பெட்டிகளை அடுக்கி எனக்கு மேடை போட்டிருக்கிறீர்கள். பேச்சாளன் கால் வழுக்கினால் நுரையோடு விழட்டும் என்ற நல்லெண்ணம்தான். நன்றி.

இன்று ஞாயிறு முற்பகல். ஓய்வு நாளில் மேலாளர் ஏன் நம்மைத் தேடி வந்திருக்கிறார்? என் பேச்சின் இனிமைக்காகவா? இல்லை. என் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருக்கிறது. தட்டச்சு செய்து தந்தவர் அவர். இந்த மேடையில், உங்கள் அனைவர் முன்னும், நான் அதைப் படிக்க வேண்டும். படித்தால் அவர்கள் மருத்துவமனைத் துணி நம் கூடத்துக்கே தொடர்ந்து வரும். படிக்காவிட்டால் நாளை காலை முதல் வேறு கூடத்துக்குப் போகும். இங்கே வேலை செய்யும் இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர், நம் தலைவி உட்பட, அந்தத் துணியை மட்டுமே துவைத்துத் தேய்க்கிறவர்கள். அந்த ஒன்பது பேரின் கண்ணும் இப்போது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தெரியும்.

என்ன தம்பி, பின்வரிசையில்? "படிச்சிட்டு டீ குடிக்கப் போலாம் மாமா"வா? போகலாம். ஆனால் ஒரு கடிதத்துக்கு முன்னுரை வேண்டாமா? என் முன்னுரை சற்றே நீளம். என் திருமணத்தன்று நான் நன்றியுரை சொல்லி முடிப்பதற்குள், பந்தலில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவையோரே, நான் படித்த மனிதன் அல்லன். பட்டம் பெற்றவன் அல்லன். வண்டி ஓட்டுகிறவன். ஆனால் இந்த ஊரில் எந்தக் குழந்தை எந்த வழியாக வந்தது என்பது, பெற்றவளுக்கும் மருத்துவருக்கும் அடுத்தபடியாக, எனக்குத்தான் தெரியும். எப்படி? துணி சொல்லும். மனிதன் பொய் சொல்வான், மனைவி மறைத்துச் சொல்வாள், மேலாளர் அழகாகச் சொல்வார். துவைக்க வந்த துணி உள்ளதை உள்ளபடியே சொல்லும்.

அறுவை அறையில் விரிப்பது பச்சைத் துணி. பிரசவ அறையில் விரிப்பது வெள்ளைத் துணி. வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளைக்கு ஒரு பச்சை மூட்டை. தானாகப் பிறந்த பிள்ளைக்கு ஒரு வெள்ளை மூட்டை. மூன்று வாசல்களில் என் வண்டி நிற்கிறது. முதல் வாசல், அரசு மருத்துவமனை. அங்கே பத்துப் பிள்ளை பிறந்தால் மூன்று பச்சை, ஏழு வெள்ளை. இரண்டாவது, ஆற்றுப்பாலம் தாண்டி, மருத்துவச்சிகள் நடத்தும் சிறிய பிரசவ இல்லம். அங்கே எல்லாம் வெள்ளை. சிக்கல் என்று தெரிந்தால் உடனே ஆம்புலன்சில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது, நம் மேலாளரின் மருத்துவமனை. வாசலில் செயற்கை அருவி, உள்ளே மெல்லிசை. அங்கே பத்துக்கு எட்டு பச்சை.

எட்டு. நான் வழக்கமாக ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவன். இது மட்டும் அப்படிச் சொன்ன எண் அல்ல. மூட்டையைத் தூக்கிய இந்த முதுகு சாட்சி.

சிந்தித்துப் பாருங்கள். மூச்சுத் திணறிய தாய் எங்கே போகிறாள்? அரசு மருத்துவமனைக்கு. இரட்டைப் பிள்ளை, ரத்தக் கொதிப்பு, எல்லோரும் கைவிட்ட கேஸ், எங்கே போகிறது? அரசு மருத்துவமனைக்கு. அப்படியானால் பச்சை எங்கே மிகுந்திருக்க வேண்டும்? சிக்கல் எல்லாம் அங்கே, பச்சைச் சீலை எல்லாம் இங்கே. இது என்ன கணக்கு? எந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைச் சொல்லித்தந்தார்கள்?

இன்னொன்று கேளுங்கள். அருவி வைத்த மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை பச்சை மூட்டை விழுவதே இல்லை. அந்தக் குழந்தைகளின் ஒழுக்கம்தான் என்னே. கருவில் இருக்கும்போதே நாள்காட்டி பார்க்கின்றன. மருத்துவர் எப்போது விடுப்பில் போகிறார், எப்போது சாப்பிடப் போகிறார், எல்லாம் அறிந்து, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணிக்கு மேல் மாலை ஐந்து மணிக்குள், அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட வருவதுபோல வந்து சேர்கின்றன. அரசு மருத்துவமனைக் குழந்தைகளோ அடங்காப்பிடாரிகள். விடியலில் வரும், விடுமுறையில் வரும், மருத்துவர் வாயில் சோற்றை வைக்கும் நேரமாகப் பார்த்து வரும்.

கைதட்டாதீர்கள். தட்டிய கைகளை அப்படியே வைத்திருங்கள். அரசு மருத்துவமனையை நான் தங்கத் தட்டில் வைத்துப் பேசவில்லை. அதோ, மடிப்புப் பிரிவு அக்கா எழுந்துவிட்டார். சொல்லுங்கள் அக்கா.

"பச்சை கம்மின்னா பெருமையா மாமா? நான் அங்கதான் பெத்தேன். ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரு. வலியில கத்துனா, 'பெத்துக்கத் தெரிஞ்சுதுல்ல, கத்தாம இரு'ன்னு திட்டுறாங்க. கூட நிக்க எங்கம்மாவ விடல."

கேட்டீர்களா? கத்தாதே என்று கத்துகிற இடம் அது. அந்த வாய்க்கு அஞ்சித்தான் பாதிப் பெண்கள் அருவியைத் தேடி ஓடுகிறார்கள். வசவுக்குத் தப்பி ஓடியவள் கத்தியடியில் போய்ப் படுக்கிறாள். ஒரு வாசலில் மரியாதை இல்லை, இன்னொரு வாசலில் பொறுமை இல்லை. ஒரு பெண்ணுக்கு இரண்டும் ஒரே வாசலில் கிடைக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கத்திக்கு நான் எதிரி அல்லன். இரண்டாம் வரிசையில் என் மனைவி இருக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டாள், நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. எங்கள் மகன் வயிற்றில் குறுக்கே கிடந்தான். கத்தி மட்டும் இல்லையென்றால் இரண்டு பேரும் இல்லை. அன்று அந்த மருத்துவரின் காலில் விழப்போனேன். அவர், "வழிய விடுங்க சார், அடுத்த பேஷண்ட் இருக்காங்க" என்று தாண்டிப் போனார். கடவுளே அவசரமாகத் தாண்டிப் போனதுபோல இருந்தது. வேண்டிய இடத்தில் கத்தி தெய்வம். வேண்டாத இடத்தில்? தெய்வமாகவே இருந்தாலும், வேண்டாத நேரத்தில் வயிற்றுக்குள் வரலாமா?

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மேலாளர் நிமிர்ந்து உட்காருகிறார். நல்லது.

என் தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம். அருவி மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மாதம் நிறைந்தபோது சொன்னார்கள்: "குழந்தை ரொம்பப் பெருசா இருக்கு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எடுத்துடலாம். சனி, ஞாயிறு டாக்டர் ஊர்ல இல்ல." பெரிய குழந்தை என்றதும் என் தங்கை நடுங்கிப்போனாள். அவர்கள் சொன்ன தோரணையைப் பார்த்தால் உள்ளே இருப்பது பிள்ளையா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பயில்வானா என்று எனக்கே ஐயம். கையெழுத்துப் போட்டுவிட்டோம். நானும் போட்டேன். எங்கே போட்டேன், எதற்குப் போட்டேன், தெரியாது. புள்ளி வைத்த இடமெல்லாம் போட்டேன்.

வெள்ளி விடியலில் அவளுக்குத் தானாகவே வலி எடுத்துவிட்டது. "இருங்க, பத்து மணிக்குத்தான் எடுக்கப்போறோமே" என்றார்கள். பிள்ளை வாசலில் நின்று கதவைத் தட்டுகிறது. இவர்கள் பத்து மணிக்குக் கூரையைப் பிரித்து இறக்குகிறோம் என்கிறார்கள்.

அந்தப் படபடப்பில்தான், அவையோரே, முப்பது ஆண்டு மூட்டை தூக்கிய இந்த மாமேதை ஒரு மகத்தான காரியம் செய்தான். எந்த மருத்துவமனைக்கு எந்த மூட்டை என்பதற்கு நம் கூடத்தில் நாடாவின் நிறம்தானே அடையாளம்? அருவிக்குச் சிவப்பு. பிரசவ இல்லத்துக்கு நீலம். நான் சிவப்பு நாடா மூட்டைகளைப் பிரசவ இல்லத்தில் இறக்கிவிட்டு, நீல நாடா மூட்டைகளை அருவியில் போட்டுவிட்டு, தங்கை மகளைப் பார்க்க மாடிக்கு ஓடிவிட்டேன். சிரிக்காதீர்கள். அன்று என்னிடம் வானத்தைத் தந்திருந்தால் அதையும் கவிழ்த்துத்தான் இறக்கியிருப்பேன்.

எட்டு மணிக்கு அறுவை அறை ஆயா கூப்பிட்டார். "மாமா, என்னத்தக் கொண்டாந்து போட்டிருக்கீங்க? எல்லாம் வெள்ளையா இருக்கு."

"வெளுத்தா வெள்ளையாத்தானே இருக்கும்?"

"பச்சை எங்க மாமா? கிருமி சாக ஆவிப்பெட்டில வெக்கணும். பத்து மணிக்கு நாலு கேஸ் இருக்கு."

அப்போதுதான் என் தலையில் ஆவி கிளம்பியது. பாலம் தாண்டி ஓடினேன். பிரசவ இல்லத்தின் பெரிய மருத்துவச்சி இடுப்பில் கைவைத்து நின்றார். "என்ன மூட்டை மாமா, எங்க ஜன்னலுக்கெல்லாம் பச்சைத் திரை தைக்கவா?" மூட்டைகளைப் பிரித்துவிட்டார்கள். பாதித் துணியில் வாளித் தண்ணீர் கொட்டிவிட்டது. பிரித்த துணியை அப்படியே தர முடியுமா? திரும்ப இங்கே கொண்டுவந்து, துவைத்து, உலர்த்தி, அருவிக்கு அனுப்பி, அவர்கள் ஆவிப்பெட்டியில் வைத்து எடுக்க மாலை நான்கு மணி ஆகிவிட்டது. முதல்நாள் துணி முழுக்கத் தீர்ந்திருந்தது. அருவி மருத்துவமனையின் வரலாற்றிலேயே பச்சைத் துணி இல்லாத எட்டு மணி நேரம்.

முழுக்க இல்லை என்று சொல்வது தவறு. ஒரே ஒரு கட்டு இருந்தது. உயிர் போகும் அவசரத்துக்கென்று அலமாரியில் எப்போதும் பூட்டி வைத்திருப்பது. இந்த ஒரு கட்டை நினைவில் வையுங்கள். என் பேச்சு முழுவதும் மறந்துபோனாலும் போகட்டும்.

நான்கு பெண்கள். நால்வரிடமும் என்ன சொல்லியிருந்தார்கள்? உடனே எடுக்காவிட்டால் ஆபத்து என்றுதான் சொல்லியிருந்தார்கள். நால்வருக்கும் ஆபத்து என்றால், இருக்கிற ஒரு கட்டுக்கு அங்கே அடிபிடி நடந்திருக்க வேண்டாமா? நடந்ததா? இல்லை. பெரிய டாக்டரம்மா வரிசையாக நால்வரையும் மறுபடி பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவங்கள்லாம் வெயிட் பண்ணலாம். அந்தக் கட்டத் தொடாதீங்க, யாருக்காவது தேவைப்படும்."

காத்திருக்கலாம். மேலாளர் அவர்களே, அந்தச் சொல் முந்தின நாள் எங்கே போயிருந்தது? எந்த அலமாரியில் பூட்டி வைத்திருந்தீர்கள்?

என் தங்கை மகள் பக்கத்தில் ஒரு மூத்த சிஸ்டர் வந்து நின்றார். இதோ, நம் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். முகத்தைக் காட்டச் சொல்ல மாட்டேன். "துணி வர்ற வரைக்கும் மல்லாந்து படுத்துக்கிட்டு என்னம்மா பண்ணப்போற? எந்திரி, நட" என்றார். தாழ்வாரத்தில் நடந்தார்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி. வலி வரும்போது அவள் சிஸ்டரின் தோளைப் பிடித்துத் தொங்குவாள். போனதும் நடப்பாள். நான் ஓரமாகப் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்து, "மாமா, நீ வண்டிய எடுத்துக்கிட்டுத் துணிக்குப் போறியா, இல்ல உன்னையும் பெட்ல போடச் சொல்லவா?" என்றாள். வலியிலும் வாய் குறையவில்லை. எங்கள் குடும்பம்.

பதினொரு மணிக்கு, நால்வரில் கடைசிக் கட்டில் பெண்ணுக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியது. அலமாரிப் பூட்டு திறந்தது. அந்த ஒரு கட்டு பிரிந்தது. டாக்டரம்மா ஓடினார், செருப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பன்னிரண்டே நிமிடம். தாயும் நலம், பிள்ளையும் நலம். அந்த ஓட்டத்துக்கு, அந்தக் கைகளுக்கு, இந்த மேடையிலிருந்து என் வணக்கம். இப்போது தட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள்.

ஆனால் ஒன்று. அந்தக் கட்டைக் காலை பத்து மணிக்கே நாள்காட்டிக்காகப் பிரித்திருந்தால், பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு எதை விரித்திருப்பார்கள்?

மீதி மூவர். ஒருத்தி மதியம் பன்னிரண்டரைக்குத் தானாகப் பெற்றாள். என் தங்கை மகள் ஒன்றே முக்காலுக்குப் பெற்றாள். பயில்வான் வருகிறார் என்று வாசலில் நின்றேன். இரண்டே முக்கால் கிலோ. பெண் குழந்தை. இன்னொருத்தி மாலை நான்கு வரை காத்திருந்து, "எனக்கு ஆப்பரேஷன்தான் வேணும், யோசிச்சுத்தான் கேக்குறேன்" என்று கேட்டுச் செய்துகொண்டாள். அது அவள் உடம்பு, அவள் முடிவு; மூட்டை மாமாவுக்கு அங்கே வேலை இல்லை. கேட்டுப் பெறுவது வேறு, பயமுறுத்திப் பெறுவது வேறு.

குழந்தையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அந்த சிஸ்டர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தன் உள்ளங்கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சிஸ்டர்?" என்றேன். "ஒண்ணுமில்லங்க. பிரசவம் பாத்து நாலு மாசமாச்சு. கை மறந்துடுச்சோன்னு பயந்துட்டே பாத்தேன்" என்றார். அதுவரை நான் கேலிதான் செய்துகொண்டிருந்தேன், அவையோரே. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கேலி வரவில்லை. பிரசவம் பார்க்கவே படித்து வந்தவருக்குப் பிரசவம் பார்க்க வாய்ப்பில்லாத பிரசவ விடுதி.

இதைத்தான் நான் டீக்கடையில் சொன்னேன். தெருவில் சொன்னேன். சலூனில் பாதி முகம் மழித்த நிலையில் எழுந்து நின்று சொன்னேன். அதற்குத்தான் கடிதம்.

இதோ எடுக்கிறேன். கண்ணாடியையும் போடுகிறேன். இரண்டே வரிதான்.

முதல் வரி. "மூட்டையை மாற்றி இறக்கியது என் கவனக்குறைவு, அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்." முழு மனத்தோடு படிக்கிறேன். நெஞ்சில் கைவைத்துப் படிக்கிறேன். அந்த ஒரு கட்டும் இல்லாமல் போயிருந்தால்? கடைசிக் கட்டில் பெண்ணை நினைத்து இன்றும் தண்ணீர் குடிக்கும்போது எனக்குப் புரையேறுகிறது. என் தவறு. மன்னியுங்கள். இனி நாடாவை இரண்டு முறை பார்ப்பேன்.

இரண்டாவது வரி. "அதன்பின் நான் ஊரில் சொன்னவை அனைத்தும் பொய், மருத்துவமனையில் எல்லா அறுவையும் அவசியம் கருதியே செய்யப்படுகின்றன."

மேலாளர் தலையாட்டுகிறார். படித்ததாகக் கொள்ளலாம் என்கிறார். இல்லை ஐயா, எழுதியிருப்பதை வாசித்தேன். என் சொல்லாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால், மூன்றாம் வரிசையில் என் தங்கை மகளின் குழந்தை, ஒன்றே முக்கால் மாதத்துப் பெண், தாய் தோளில் கிடந்து என்னையே பார்க்கிறாளே, அவளிடம் போய், "கண்ணு, நீ பிறந்த கதையே பொய்" என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் துணிவு இல்லை. உங்களுக்கு இருந்தால் மேலாளர் அவர்களே, மைக் இதோ.

இந்த வீரம் என் ஒருவன் வயிற்றோடு போவதானால் பரவாயில்லை. அந்த ஒன்பது பேர்? அவர்கள் அடுப்பில் நான் எப்படித் தண்ணீர் ஊற்றுவேன்? ஆகவே தலைவியே, உங்களிடம் விடுகிறேன். "படி" என்கிற உங்கள் ஒரு வார்த்தை போதும். நான் படித்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

மைக்கைப் பிடியுங்கள் அக்கா.

"நாங்க ஒம்போது பேரும் நேத்தே உக்காந்து பேசிட்டோம். அதுல ஏழு பேரு அங்கதான் பெத்துக்கிட்டோம். ஏழு பேருக்கும் பச்சைதான். எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்திக்கும் தெரியாது. அந்தத் துணியத்தான் நாங்களே தொவைக்கிறோம். நீ படிக்காத. எறங்கி வா."

இதோ இறங்குகிறேன் அக்கா.

ஒன்று மட்டும். மேலாளர் அவர்களே, உங்கள் கடிதத்தைக் கிழிக்க மாட்டேன், நல்ல தாள். அதன் பின்பக்கத்தில் நானும் எழுதியிருக்கிறேன். மேடை ஏறுமுன், துணியில் குறி போடும் மையால் எழுதினேன். எத்தனை கொதிகலனில் போட்டாலும் போகாத மை. வாசிக்கிறேன்: "சென்ற மாதம் இங்கே பிறந்த குழந்தைகள், இத்தனை. அறுவையால் பிறந்தவை, இத்தனை. காரணங்கள், இவை." எண்ணுக்கும் காரணத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். அதை நிரப்பி, உங்கள் அருவிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் மாட்டுங்கள். அரசு மருத்துவமனையிலும் மாட்டச் சொல்வோம். அங்கே நான்காவதாக ஒரு வரி சேர்ப்போம், "இங்கே யாரும் திட்டமாட்டார்கள்" என்று. பிரசவ இல்லத்து மருத்துவச்சி நேற்றே மாட்டிவிட்டார். பலகையில் இருப்பது உண்மையானால், எண் எட்டாக இருந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். காரணத்தைப் படித்துவிட்டுப் பெண்களே முடிவு செய்வார்கள்.

நாளை காலை ஏழு மணிக்கு வழக்கம்போல என் வண்டி உங்கள் பின்வாசலில் நிற்கும். மூட்டை போட்டால் ஏற்றிக்கொள்வேன். போடாவிட்டால் முன்வாசலுக்குப் போய், பலகை வந்துவிட்டதா என்று பார்ப்பேன். மறுநாளும் பார்ப்பேன். எனக்குப் பின் என் வண்டி பார்க்கும். என் வண்டி எனக்கு மேல் பிடிவாதம். மேட்டில் தள்ளியவர்களுக்குத் தெரியும்.

அதோ, மேலாளர் எழுந்துவிட்டார். கடிதத்தை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. அந்தப் பக்கம் மடிக்காதீர்கள், மை இன்னும் ஈரம். தோல்பையில் ஒட்டிக்கொண்டால் எங்களாலும் வெளுக்க முடியாது.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட காதுகளுக்கும், நாளை முதல் "எதுக்கு டாக்டர்?" என்று கேட்கப்போகும் வாய்களுக்கும், மூன்றாம் வரிசையில் என் பேச்சு முடிவதற்குள் தூங்கிவிட்ட அந்தச் சின்னப் பயில்வானுக்கும் என் நன்றி. யாராவது கைகொடுங்கள், இறங்க வேண்டும். பெட்டி ஆடுகிறது. வணக்கம்.